காதுக்கு முன்னால் ஓடிய பேனா

அந்த மூன்று வாரங்களில் நான் மோர்ஸ் படித்தேனா, இல்லையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. படித்தேன் என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் சாட்சி. அதன் கடைசிப் பக்கங்களின் மூலைகளில் நூறு, நூறு, தொண்ணூற்றெட்டு, நூறு என்று எனக்கு நானே சிவப்பு மையில் போட்டுக்கொண்ட மதிப்பெண்கள். படிக்கவில்லை என்பதற்குச் சாட்சி, பினாங்கில், ஜெலுத்தோங்கில் கார்களுக்கு ஏர்கான் பழுது பார்க்கும் ஓர் அண்ணன். இரண்டு சாட்சிகளுமே பொய் சொல்லவில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

என்னிடம் இருந்தது கீழ் வகுப்பு அமெச்சூர் வானொலி உரிமம். கெலுகோரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, தோழிகள் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதுபோல நான் அந்தப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தேன். ஒரு வாரம் படித்தேன், தேறினேன். கையில் பிடிக்கிற வானொலியில் தீவுக்குள்ளும் அக்கரையிலும் இருப்பவர்களோடு பேசலாம். உயர்ந்த இடம் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் தூரம். ஆனால் கடல் தாண்டிப் போகும் அலைவரிசைகளில் நல்லவை சில, மேல் வகுப்புக்காரர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும். சட்டதிட்டம், மின்னியல் எல்லாம் முதல் உரிமத்துக்கே எழுதியாயிற்று. மேலே ஏற மிச்சம் இருந்தது மோர்ஸ் ஒன்றுதான். ஒரு குட்டை ஒலி, ஒரு நெட்டை ஒலி. இரண்டை வைத்துக்கொண்டு எல்லா எழுத்தும், எல்லா எண்ணும். தேர்வு அதிகாரி ஓடவிடும் ஒலியைக் கேட்டுத் தாளில் எழுத வேண்டும். பிறகு நாமே கீயை அடித்து அனுப்பிக் காட்ட வேண்டும். கீ என்பது விரலால் அழுத்துகிற ஒரு சின்னப் பித்தளைக் கை, அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் எதற்கு இது என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு வேண்டியது மோர்ஸ் அல்ல, ஒரு நாற்காலி. அதை வீட்டில் சொன்னால் இன்னும் குழம்புவார்கள் என்று சொல்லவில்லை.

எங்கள் வானொலிச் சங்கம் வருடத்துக்கு ஒரு தடவை ஓர் உலகப் போட்டியில் கலந்துகொள்ளும். நம் ஊர் நேரத்துக்குச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கும். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் நிலையங்கள் மோர்ஸில் ஒன்றையொன்று கூப்பிடும். அழைப்புக்குறி என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு, நாலைந்து எழுத்தும் எண்ணும் கலந்தது. அதைச் சரியாகக் கேட்டு, சரியாகத் திருப்பி அனுப்பினால் ஒரு தொடர்பு. அதிகத் தொடர்பு வைத்தவர் ஜெயிப்பார். நான் இரண்டு வருடம் போயிருந்தேன். இரண்டு வருடமும் கீயின் முன்னால் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். அவர் சொல்லும் அழைப்புக்குறிகளை லாப்டாப்பில் அடிப்பது என் வேலை. தலையில் ஹெட்போன் எனக்கும் உண்டு, கீயைத் தொடும் உரிமை மட்டும் இல்லை. ஜூருவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் எட்டுப் பேர் என் கையெழுத்துக்குக் காத்திருப்பார்கள். இங்கே நான் ஸ்டூல்.

அந்த வருடம் வழக்கமாக நாற்காலியில் இருப்பவருக்கு ஜொகூருக்கு மாற்றலாகிவிட்டது. சங்கச் செயலாளர் ஒரு மலாய்க்காரர், பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை, என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். முதல் ஷிஃப்ட், காலை எட்டிலிருந்து பத்தரை வரை, காலியாக இருக்கிறது என்றார். எனக்குக் கொடுங்கள் என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டுவிட்டேன்.

“லுலுஸ் டுலு லா,” என்றார். முதலில் தேறிவிட்டு வா என்று அர்த்தம்.

அவர் அதே பதிலை இன்னொருவருக்கும் சொல்லியிருந்தார். அவர்தான் ஏர்கான் அண்ணன். நாற்பதை நெருங்குகிறவர், ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகளை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதைக்குப் போகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளத்தான் அவர் கீழ் வகுப்பு உரிமம் எடுத்திருந்தார். அப்புறம் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் தேறினால் ஷிஃப்ட் பாதி பாதி, ஒருவர் மட்டும் தேறினால் அவருக்கே முழுவதும் என்று முடிவாயிற்று. எனக்குப் பாதி வேண்டியிருக்கவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் அடுக்குமாடியின் கீழே ஆறரைக்குத் தொழிற்சாலை பஸ் வரும். பாலம் தாண்டி ஜூரு போய்ச் சேர, நெரிசலைப் பொறுத்து முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ. பயிற்சிக்கென்று பன்னிரண்டு ஒலிக்கோப்புகளைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தேன். பரீட்சை வேகத்தில் ஒவ்வொன்றும் ஐந்து நிமிட ஆங்கில வாசகம். போகும்போது மூன்று, திரும்பும்போது மூன்று. முதல் வாரம் பாதிக்குப் பாதிதான் சரியாக வந்தது. இரண்டாம் வாரம் முடிவில் எண்பது. மூன்றாம் வாரம் நூறு. பஸ்ஸில் பக்கத்து இருக்கை அக்கா, “என்ன எழுதிக்கிட்டே இருக்கே, கணக்குப் பரீட்சையா?” என்று கேட்டபோது, நிமிராமலே பதில் சொல்லிக்கொண்டு, எழுதுவதையும் நிறுத்தாமல் எழுதினேன். அவ்வளவு தேர்ச்சி. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அண்ணனின் பட்டறையில் சேர்ந்து படிப்பதாக ஏற்பாடு. ஞாயிறு அரை நாள்தான் திறப்பார். எரிவாயு நிரப்பும் குழாய்கள், கழற்றிப் போட்ட டேஷ்போர்டுகள், பின்சுவரில் சாக்கட்டியால் எழுதிய ஆங்கில எழுத்துகள். அவர் இரண்டு நாளைக்கு ஓர் எழுத்து என்று கணக்கு வைத்துப் படித்துவந்தார். காதுக்குப் பழகிய எழுத்தைச் சுவரில் எழுதுவார், சந்தேகம் வந்தால் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. நான் மூன்று வாரத்தில் நூறு எடுத்துவிட்டேன் என்றதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“பசியாறியாச்சா?”

“ஆச்சுண்ணே. ஏதாவது அனுப்புங்க. எதுவா இருந்தாலும் சரி.”

அவர் மோர்ஸ் அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக் கீயை அடிக்க ஆரம்பித்தார். மெதுவான, கனமான கை. நான் எழுதினேன். எழுதி முடித்துப் பேனாவை மூடினேன். அவர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு என் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது என்ன தங்கச்சி?”

“நீங்க அனுப்பினதுதான்.”

“கப்பல் எங்கேருந்து வந்துச்சு? நான் கடை மூடியிருக்குன்னுல்ல அனுப்பினேன்.”

தாளில் நான் எழுதியிருந்தது, ‘தி ஷிப் வில் அரைவ் டுமாரோ’. அவர் அனுப்பியது, ‘தி ஷாப் ஈஸ் குளோஸ்ட்’. முதல் ஐந்து எழுத்துகள் இரண்டுக்கும் ஒன்று. 

“உங்க கை தப்பா அடிச்சிருக்கும்,” என்றேன்.

“என் கை தப்பா அடிச்சா ஒரு எழுத்து மாறும். கடை எப்படி லா கப்பலாவும்?”

அந்தக் கப்பல் நான்காவது கோப்பில் வரும் கப்பல். அது நாளை வரும், அதில் இருபது பயணிகள் இருப்பார்கள், வானிலை தெளிவாக இருக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு கோப்புகளையும் நான் பாட்டைப்போல மனப்பாடம் செய்திருந்தேன், செய்கிறேன் என்றே தெரியாமல். முதல் சில ஒலி கேட்டதும் மிச்சம் தானாக ஓடியது. ஆனால் நான் ஏமாற்றவில்லை என்பதை எப்படிச் சொல்வது? கேட்டேன். காதில் ஒலி விழுந்தது. கை எழுதியது. நடுவில் ஒன்றும் இல்லாமல் போனது எப்போது?

அண்ணன் பக்கத்தில் கிடந்த கம்ப்ரசர் பெட்டியை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த உதிரிப்பாக எண்ணை அனுப்பினார். எழுத்தும் எண்ணுமாகப் பத்து. நான் பிடித்தது இரண்டு.

“படிச்ச பிள்ளைக்கு ரெண்டு மார்க்கு,” என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு மோர்ஸ் தெரியாது, என்னைத் தெரியும். “நீ எப்பத்தான் ஒருத்தர முழுசாப் பேச விட்டிருக்கே? நான் உப்புன்னு ஆரம்பிச்சா நீ உப்புமாவான்னு கேப்பே. நான் உப்பு தீந்துபோச்சுன்னு சொல்ல வந்திருப்பேன்,” என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததால் அது சரியாக இருக்குமோ என்றும் தோன்றியது.

புதிய கோப்புகளை இறக்கினேன். மனப்பாடம் ஆகாமல் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவைதான் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். இப்போது வேறு கோளாறு தெரிந்தது. மூன்று எழுத்து விழுந்ததும் என் மூளை முழு வார்த்தையையும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்க் காத்திருக்கும். ஊகம் சரியாக இருந்தால் நேரம் மிச்சம். தவறினால், அடித்துத் திருத்துவதற்குள் நாலைந்து எழுத்துகள் போயிருக்கும், அப்புறம் அவற்றைத் தேடுகிற பதற்றத்தில் இன்னும் நாலைந்து. அண்ணனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, நின்று பட்டறைக்கு வந்தவர். ஆங்கிலம் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவருக்கு வரும் ஒலி ஒவ்வொன்றும் ஓர் எழுத்து, அவ்வளவே. வார்த்தை என்ன என்பது அவருடைய கவலை இல்லை.

“நீங்க ஊகிக்கவே மாட்டீங்களா?”

“ஊகிக்க எனக்கு வார்த்தை தெரியணும்ல? காடியில ஏர்கான் காத்து வரலன்னு ஒருத்தன் வந்தா நீ உடனே கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லுவே. நான் பேனட்டத் தெறந்து பாப்பேன்.”

“தொண்ணூறு சதவீதம் கேஸ்தானே தீர்ந்திருக்கும்?”

“மிச்சப் பத்துதான் திரும்பி வந்து சட்டையப் புடிக்கும்.”

ஊகிக்க முடியாததை அனுப்பினால் என்ன என்று யோசித்தது நான்தான். பட்டறைக்கு எதிரே சிக்னல். சிவப்பு விழுந்தால் பத்துப் பதினைந்து வண்டி நிற்கும். அண்ணன் வெளியைப் பார்த்து உட்கார்ந்து, நிற்கிற வண்டிகளின் எண் பலகைகளை ஒவ்வொன்றாக அனுப்புவார். நான் சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுவேன். பிறகு இருவரும் எழுந்து போய்த் தாளையும் வண்டிகளையும் ஒத்துப் பார்ப்போம், பச்சை விழுவதற்குள். இரண்டாவது ஞாயிறு, எதிர்ப்புறம் வண்டியை ஓரமாக நிறுத்தி நாசி கண்டார் சோற்றுக் கடைக்குள் போயிருந்த ஒருவர், நான் தாளும் பேனாவுமாக அவர் வண்டியின் எண்ணைச் சரிபார்ப்பதைப் பார்த்துவிட்டு, கையில் குழம்புப் பொட்டலத்தோடு ஓடி வந்தார்.

“தங்கச்சி, தங்கச்சி, சம்மன் எழுதிறாதே லா. அஞ்சு நிமிஷம்தான், சோத்தப் புங்குஸ் பண்ணி எடுத்துட்டுப் போக வந்தேன்.”

நான் விளக்கத் தொடங்கினேன். அண்ணன் பின்னாலிருந்து, “மேடம், இவரு பாவம், இந்த ஒரு தடவ விட்டுருங்க,” என்றார். அந்த மனிதர் என்னைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவருடைய எண்ணை நான் முழுசாகச் சரியாக எழுதியிருந்தேன்.

எண் பலகைகள் எனக்கு நன்றாக வந்தன. அதுவும் குழப்பமாகத்தான் இருந்தது. வார்த்தையில் தடுக்கி விழுகிறவள், அர்த்தமில்லாத எழுத்துகளில் ஓடினேன். அண்ணனின் கைக்கு வேகம் போதவில்லை என்று கைப்பேசிச் செயலியில் கலவை எழுத்துகளை ஓடவிட்டு, பரீட்சை வேகத்துக்கு ஒன்றரை மடங்கு, பிறகு இரண்டு மடங்கு என்று ஏற்றிக்கொண்டே போனேன். அதில் போதை இருந்தது.

“பரிச்சையில நம்பர் பிளேட்டா வரும்?” என்று அண்ணன் ஒரு தடவை கேட்டார்.

“காது தயாராயிட்டா எது வந்தா என்னண்ணே?”

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். சுவரில் அவருடைய எழுத்துகள் அப்போது இருபத்தாறும் முடிந்து, எண்களில் ஏழுவரை வந்திருந்தன.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை காலை. ஆறு பேர் எழுதினோம். அதிகாரி என் வயதுடைய மலாய்ப் பெண், தலைமறைப்பில் ஒரு சின்ன நீல ஊசி. ஹெட்போன்களைக் கொடுத்துவிட்டு, பதற்றப்பட வேண்டாம், முதல் அரை நிமிடம் மதிப்பெண்ணுக்கு இல்லை, பழகிக்கொள்ளத்தான் என்றார். அண்ணன் எனக்கு இரண்டு மேசை தள்ளி. துவைத்த சட்டை போட்டிருந்தார். பட்டறைக்கு வெளியே அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, கொஞ்ச நேரம் அடையாளம் தெரியாமல் தேடினேன்.

ஒலி தொடங்கியது. இரண்டு மடங்கு வேகத்தில் பழகிய காதுக்கு அது நடைபோல இருந்தது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் அவ்வளவு இடம். அந்த இடத்தில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரி சரியாகப் போயிற்று. துறைமுகம் என்று வந்தது, கப்பல் என்று வந்தது. அடுத்து எஃப், இ, ஆர். பினாங்குக்காரிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஃபெர்ரி என்று எழுதி முடித்துவிட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒரு நெட்டை ஒலி கடந்துபோனது. அடுத்து ஐ. அடுத்து எல். ஃபெர்ரிக்குப் பிறகு இவை எதற்கு? மறுபடி ஐ. கேட்கிறது, தெளிவாகக் கேட்கிறது, ஆனால் வைக்க இடமில்லை. ஃபெர்ரியை அடித்தேன். அடித்தது தவறோ என்று பட்டது. அதற்குள் வாசகம் எங்கேயோ போய்விட்டது. அந்த நேரத்தில் எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த வாசகத்தில் என்ன வந்தது என்பது நினைவில்லை.

கீயை அடித்து அனுப்பும் பகுதியில் எனக்குப் பிழையே இல்லை. அனுப்பும்போது எல்லா வார்த்தையும் எனக்கு முன்பே தெரியுமல்லவா?

வெளியே நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் வலது கையை உதறிக்கொண்டே இருந்தார்.

“தங்கச்சி, நடுவுல ஒண்ணு வந்துச்சே, நீளமா. எஃப்புல தொடங்கி. முடியவே மாட்டேங்குது. கை வலிச்சுப் போச்சு. என்ன வார்த்தை அது?”

“எழுதியிருக்கீங்களா?”

“வந்தத எழுதினேன்.” உள்ளங்கையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் காட்டினார். எஃப், இ, ஆர், டி, ஐ, எல், ஐ, எஸ், இ, ஆர்.

“ஃபெர்டிலைசர்,” என்றேன். “உரம்ணே. செடிக்குப் போடுவாங்களே.”

“உரமா? கப்பல்ல உரமா ஏத்திக்கிட்டு வந்தான்? நான் என்னமோ ஊர் பேருன்னு நெனச்சேன்.”

முக்கால் மணி நேரம் கழித்து அதிகாரி ஆறு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணன் தேறியிருந்தார். நான் கேட்டு எழுதுவதில் தேறவில்லை. அந்தப் பெண் என் தாளைக் காட்டினார். முதல் பாதி ஒரு பிழைகூட இல்லை. இரண்டாம் பாதியில் பாதி வெற்றிடம். “ஏன் நிறுத்திவிட்டீர்கள்?” என்று மலாயில் கேட்டார், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல. நான் நிறுத்தவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லத் தெரியாததால் தலையாட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது அண்ணனின் காரில் வந்தேன். ஏர்கான் மட்டும் பிரமாதமாக இருக்கும் ஒரு பழைய கார். ஜெலுத்தோங் சந்தையைத் தாண்டும்போது, “ஷிஃப்ட நீ எடுத்துக்க முடியாதுல்ல?” என்றார்.

“சட்டம் விடாதுண்ணே.”

“நான் வேணாம்னு சொல்லிட்டா?”

“வேற யாருக்காவது கொடுப்பாங்க. எனக்கு வராது.”

“அப்ப நான் எடுத்துக்கவா?”

அவர் என்னிடம் அனுமதி கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் பிடித்திருக்காது. எடுத்துக்குங்க என்றேன். குரல் சரியாக வந்ததா என்று தெரியவில்லை. அவருக்காக நான் சந்தோஷப்பட்டேன் என்று இங்கே எழுதினால் அழகாக இருக்கும். சந்தோஷம் எங்கேயோ இருந்தது, ஆனால் அதன்மேல் வேறு ஏதோ உட்கார்ந்திருந்தது.

அவருடைய உரிமம் போட்டிக்கு முந்தின வாரம்தான் கைக்கு வந்தது. சனிக்கிழமை காலை கெலுகோரில் செயலாளர் வீட்டு மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே அலுமினியக் கம்பமும் ஆன்டெனாவும். அண்ணன் நாற்காலியில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தார், பட்டறை வழக்கம். நான் ஸ்டூலில், லாப்டாப்போடு. எட்டு அடித்ததும் ஹெட்போனுக்குள் உலகமே ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது.

அண்ணன் கூப்பிட்டார். பதில் வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன லா இது, இவ்ளோ வேகம்?”

பரீட்சை வேகம் வேறு, போட்டி வேகம் வேறு. எங்கள் இருவருக்குமே அது தெரியும், இரண்டு வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நன்றாகவே தெரியும், ஆனால் பரீட்சையின் அமளியில் இரண்டு பேருமே அதை நினைக்கவில்லை. அவருடைய மெதுவான கைக்காகச் சிலர் வேகத்தைக் குறைத்தார்கள். பெரும்பாலோர் குறைக்கவில்லை. அவர் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், தாளில் ஓர் எழுத்துகூட விழவில்லை. எனக்கோ அத்தனையும் சிக்னலில் நிற்கிற வண்டிகளாக இருந்தன. எழுத்து, எழுத்து, எண், எழுத்து. அழைப்புக்குறியில் அர்த்தம் இல்லை, ஊகிக்க எதுவும் இல்லை. லாப்டாப்பைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைப் பார்த்து அடித்தார். அடுத்தது. அடுத்தது.

செயலாளர் கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். இது சரியா என்று நானே கேட்டேன். உரிமம் உள்ளவர் கீயில் இருக்கிறார், நீ குறிப்பெடுக்கிறாய், குறிப்பெடுப்பதுதானே உன் வேலை, என்றார். போலே, போலே என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போனார். ஆகலாம், ஆகலாம். எனக்குத்தான் ஆகவில்லை. கேட்கத் தெரிந்தவள் தேறவில்லை, தேறியவருக்குக் கேட்கவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வானொலிக்காரர். இதில் யார் பெயரை எழுதுவது? சங்கப் பதிவில், இயக்கியவர் என்ற இடத்தில் அண்ணனின் அழைப்புக்குறி இருந்தது.

“அடுத்த பரிச்சைக்கு நான் உனக்கு உரம் உரமா அனுப்புறேன்,” என்றார் அண்ணன், கையை நிறுத்தாமல். “எல்லாம் நீளமான வார்த்தையா. அகராதி வாங்கி வச்சு அனுப்புறேன்.”

“உங்களுக்கு வேகம் வரணும்ணே.”

“அதுக்குத்தான் நீ இருக்கியே.”

பத்து மணிக்குக் கொஞ்சம் பின்னால் அவர் ஒரு பொது அழைப்பை அனுப்பி முடித்த நேரம், அவர் கைப்பேசி அடித்தது. ஒரு வாடிக்கையாளரின் வண்டி பாலத்தின் நடுவில் நின்றுவிட்டதாம். ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு, சத்தம் கேட்காத இடம் தேடிப் படியிறங்கினார். நாற்காலியில் துண்டு மட்டும்.

அவர் அனுப்பிய அழைப்புக்குப் பதில்கள் வந்தன. ஒன்று, உடனே இன்னொன்று, பிறகு இரண்டு ஒரே நேரத்தில், ஒன்றன்மேல் ஒன்று. கீ என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஜப்பானிலிருந்து ஒருவர் மூன்று தடவை கூப்பிட்டார். வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறவருக்கு உள்ளேயிருந்து குரல் கொடுக்காமல் இருப்பதுபோல இருந்தது. நாற்காலியில் உட்காருவதற்குச் சட்டத்தில் தடை இல்லை, கீயைத் தொடத்தான் தடை. இருந்தும் நான் ஸ்டூலை விட்டு எழவில்லை. எழுதினேன். ஏழு அழைப்புக்குறிகள். கடைசி ஆள் மிகவும் மெலிதாக, மழைக்குப் பின்னால் நின்று கூப்பிடுகிறவர்போல இருந்தார்.

அண்ணன் கீழே வந்ததைப் பார்த்துச் செயலாளர் ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஏன் அமைதியாக இருக்கிறது என்று கேட்டவரிடம் தாளை நீட்டினேன். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான்கு பேர் இன்னும் இருந்தார்கள், பதில் சொன்னார்கள். இரண்டு பேர் போய்விட்டார்கள். ஏழாவதை மூன்று தடவை கூப்பிட்டார். இரைச்சல் மட்டும்.

“இது இப்படியே வந்ததா?” என்று மலாயில் கேட்டார்.

“இப்படியேதான்,” என்றேன்.

ஏழாவதன் முதல் நான்கு எழுத்தும் கேட்டவை. அதில் சந்தேகமில்லை. ஐந்தாவது, கேட்டதா? அந்த நான்கில் தொடங்கும் ஒரு குறியை இரண்டு வருடமும் லாப்டாப்பில் அடித்த பழக்கத்தில், ஐந்தாவது எது என்று என் விரலுக்குத் தெரியும். அந்த மனிதர் போய்விட்டாரா, அல்லது நான் எழுதிய பெயரில் உலகத்தில் அப்போது யாருமே இருக்கவில்லையா? செயலாளர் அதற்குள் அலைவரிசையைத் திருப்பிவிட்டார். படியில் அண்ணன் ஏறி வரும் சத்தம் கேட்டது. நான் ஏழாவதன் கடைசி எழுத்துக்குமேல் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டேன். போட்ட பிறகு, மற்ற ஆறின் மேலும் போட வேண்டுமோ என்று பட்டது.